தரவுகளை வரைந்து காட்ட எந்தக் கருவி நல்லது?

"தரவுகளைத் தெளிவாக வரைந்து காட்ட எந்த மென்பொருளைப் பழகலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் என் கிணற்று வரைபைப் பற்றிச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் தோட்டக் கிணற்றில் ஓர் ஆண்டு முழுவதும் வாரம் ஒருமுறை கயிறு விட்டு, கிணற்றுக் கட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி என்று குறித்து வந்தேன். அதை எக்செலில் கோட்டு வரைபாக்கினேன். பக்கத்துத் தோட்டத்து ஐயா பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மாரியில் கிணறு வற்றுகிறதா?" என்று கேட்டார். நான் வரைந்தது ஆழத்தை. கார்த்திகை மழையில் தண்ணீர் மேலே வர, ஆழம் குறைந்து, கோடு கீழே போயிருந்தது. அச்சின் அமைப்பில் வரிசையைத் தலைகீழாக்கிப் பூச்சியத்தை மேலே கொண்டுவந்தேன். மாதப் பெயர்களும் கூடவே மேலே ஏறின. அந்த அச்சே தரைமட்டமாகிவிட்டது. ஐயா கோட்டின்மேல் விரலை நகர்த்திக்கொண்டே போய் ஆவணியில் நிறுத்தி, "வெங்காயத்துக்கு இறைக்கத் தண்ணீர் போதாமற்போனது இங்கேதான்" என்றார்.

எக்செலோ லிப்ரே ஓபிஸோ கையில் இருந்தால் அதிலேயே தொடங்குங்கள். இணையத்தில் போடுவதற்கு, உலாவியிலேயே வரைபு செய்ய உதவும் டேட்டாராப்பர் தளம் போதும்; இலவசமாகவே நிறையச் செய்யலாம், தமிழும் ஒழுங்காக வரும். பல ஊர்களை ஒப்பிடும்போது வட்ட வரைபை விட்டுவிட்டுச் சலாகை வரைபுக்குப் போங்கள். வட்டத் துண்டின் கோணத்தைவிட, ஒரே அளவுகோலில் சலாகையின் முனை நிற்கும் இடத்தைக் கண் சரியாக மதிக்கிறது என்பதை கிளீவ்லண்ட், மெக்கில் என்ற புள்ளியியலாளர்கள் 1984இலேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள்.

பைதன் என்ற நிரல்மொழியைப் பழகுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் வரைபு வரைய உதவும் மேட்பிளாட்லிப் பொதியில் "தெல்லிப்பழை" என்று எழுதினேன். கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நின்றது. எழுத்துருவை மாற்றியும் பயனில்லை. தமிழ் எழுத்துகளைக் கோத்து அடுக்கும் வேலையை என்னிடமிருந்த பதிப்பு செய்யவில்லை. எழுத்தைக் கோட்டுருவாக மாற்றாமல் எழுத்தாகவே வைத்து எஸ்விஜி (SVG) என்ற வகைப் படக் கோப்பாகச் சேமித்து உலாவியில் திறந்தபோதுதான் சரியாக வந்தது. ஆர் (R) என்ற நிரல்மொழியில், ஜிஜிபிளாட்2 என்ற பொதியால் வரைந்த வரைபை ராக் (ragg) பொதி மூலம் படமாகச் சேமித்தால் இந்தத் தொல்லையே இல்லை. நம் ஊர்ப் பெயரைப் பிழையாகக் காட்டும் படத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், யாரிடமும் கொடுக்காதீர்கள்.

நிறங்களுக்கு, பொருத்தமான நிறத் தொகுதிகளைத் தெரிந்து தரும் கலர்புரூவர் இணையத்தளத்தைப் பாருங்கள். அதில் போட்டோப் பிரதி எடுத்தாலும் வேறுபாடு தெரியும் நிறங்களை மட்டும் காட்டச் சொல்லலாம். எங்கள் சனசமூக நிலையப் பலகையில் ஒட்டப்படுவது எப்போதும் கறுப்பு வெள்ளைப் பிரதிதான்; அதனால் நான் அந்தத் தெரிவைத்தான் முதலில் அழுத்துவேன்.