ரைஃபிள் பேரலை வேறு போருக்கு (bore) மாற்றலாமா? கேள்வி பதில்

ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவராக, வேலை பார்த்து ஓய்வுபெற்று இப்போது திருமங்கலத்தில் இருக்கிறேன். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் பேரலை மாற்றுவது, போரை மாற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். பேரல் என்பது குண்டு பாயும் குழல், போர் என்பது அதன் உள்துளை அளவு. .315, .30-06 போன்றவை தோட்டா வகைகளின் பெயர்கள். தோட்டா உட்காரும் அறை சேம்பர், அதைப் பின்னாலிருந்து மூடிப் பூட்டும் உருளை போல்ட், இவை இயங்கும் அமைப்பு ஆக்‌ஷன். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். பிஸ்டல், ஷாட்கன் கேள்விகளை இன்னொரு நாள் பார்க்கலாம்.

மேலூர்: அண்ணே, தாத்தா காலத்து .315 வீட்ல இருக்கு. லைசென்ஸ் என் பேருக்கு மாறிருச்சு. தோட்டா கிடைக்கவே மாட்டேங்குது. பேரலை மட்டும் .30-06க்கு மாத்திக்கலாமா?

முடியாது தம்பி. பேரலைக் கழற்றி இன்னொன்றைத் திருகுவதோடு போர் மாறிவிடாது.

உங்கள் .315 இஷாபூர் தொழிற்சாலையில் செய்தது. அதன் ஆக்‌ஷன் லீ என்ஃபீல்டு வகை, பழைய .303 ராணுவ ரைஃபிளுடையது. சுடும் தோட்டா 8×50 மில்லிமீட்டர், அடியில் விளிம்பு உள்ளது. .30-06 தோட்டாவுக்கு அந்த வெளிவிளிம்பு கிடையாது, எக்ஸ்ட்ராக்டர் (தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கி) பிடிப்பதற்கு ஒரு பள்ளம்தான் இருக்கும். ஆகவே போல்ட்டின் முன்முனையான போல்ட் ஹெட்டும் எக்ஸ்ட்ராக்டரும் முதலிலேயே பொருந்தாது. அடுத்தது நீளம். லீ மேகசீன் (தோட்டா அடுக்கும் பெட்டி) .303க்காக வரைந்தது, அந்தத் தோட்டா சுமார் 78 மில்லிமீட்டர். .30-06 சுமார் 85. உள்ளே படுக்கவே படுக்காது.

இதையெல்லாம் வெட்டி ஒட்டிச் சரிசெய்தாலும் மூன்றாவது விஷயம் உங்களைக் கொல்லும். அது அழுத்தம். .303க்கு அமெரிக்கத் தரக்கணக்கில் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 49,000 பவுண்டு. .30-06க்கு 60,000. லீ போல்ட்டின் பூட்டுப் பற்கள் பின்பக்கம் இருக்கின்றன. சுடும்போது தோட்டாவின் தலைக்கும் அந்தப் பற்களுக்கும் நடுவிலுள்ள போல்ட் முழுவதும் அழுத்தத்தை வாங்கி நெளிந்து கொடுக்கும். மவுசர் 98இல் இரண்டு பற்கள் முன்னாலேயே, சேம்பருக்குப் பக்கத்தில் பூட்டும், பின்னால் மூன்றாவதாக ஒரு காப்புப் பல்லும் உண்டு. அதனால்தான் உலகம் முழுக்கப் போர் மாற்றுகிறவர்கள் மவுசர் வகை ஆக்‌ஷனைத் தேடுகிறார்கள்.

வாடிப்பட்டி: தெரிஞ்ச லேத் பட்டறைல துல்லியமா வேலை செய்வாங்க. பேரல் கிடைச்சா அங்க மாட்டிக்கலாமாண்ணே?

வேண்டாம். லேத்காரர் கைத்திறன்மேல் எனக்குக் குறையில்லை. மதுரைப் பட்டறைகளில் மோட்டார் ஷாஃப்ட் கடைகிற கைகளுக்கு நூல் பிசகாது. இங்கே பிரச்சினை ஹெட்ஸ்பேஸ். போல்ட் மூடியபின் போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம் அது. .303 மாதிரி விளிம்புள்ள தோட்டா விளிம்பில் நிற்கும். .30-06, .308 இரண்டும் தோளில், அதாவது பித்தளைக் கூடு குறுகும் இடத்தில், நிற்கும். .303க்கு 0.064 அங்குல கேஜில் (அளவு பார்க்கும் கட்டை) போல்ட் மூட வேண்டும், 0.074 கேஜில் மூடவே கூடாது. மூடினால் அந்த ரைஃபிள் சுடத் தகுதியில்லாதது. .30-06இல் மூட வேண்டிய ‘கோ’ கேஜுக்கும் மூடக் கூடாத ‘நோ-கோ’ கேஜுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றிரண்டு தலைமுடி தடிமன்தான்.

இடைவெளி கூடினால் தோட்டாவின் பித்தளைக் கூடு அடிப்பக்கத்தில் இழுபட்டு அறுந்து, வாயு போல்ட் வழியாக உங்கள் கண்ணை நோக்கி வரும். அதற்குரிய ரீமரும் (சேம்பரைக் குடையும் கருவி) கேஜும் புரூஃப் சோதனையும் (அதிக அழுத்தத் தோட்டா சுட்டுப் பார்ப்பது) இல்லாத இடத்தில் எவ்வளவு துல்லியமாகக் கடைந்தாலும் அளந்து பார்க்க வழியில்லை.

சட்டமும் விடாது. ஆயுதச் சட்டம் 1959இன்படி பேரல் போன்ற பாகமும் ஆயுதம்தான். பழுதுபார்க்கத் தனி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றினால் 7 ஆண்டு முதல் ஆயுள்வரை சிறை. பட்டறைக்காரரும் சேர்ந்தே போவார்.

அவனியாபுரம்: .315ம் .303ம் ஒண்ணுதானே சார்?

இல்லை. .303 குண்டின் விட்டம் சுமார் 0.311 அங்குலம், .315க்கு 0.323. ராணுவத் தோட்டா பொதுமக்கள் கையில் இருக்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் போட்ட தடையால்தான் ஆஸ்திரியாவின் மன்லிகர் தோட்டா இங்கே .315 ஆகியது. ஆக்‌ஷன் ஒரே குடும்பம் என்பதற்காகத் தோட்டாவைக் கலக்காதீர்கள்.

அனுப்பானடி: மேலூர் தம்பிக்கு முடியாதுன்னு ஒரேயடியா சொல்லிட்டீங்க. .303 ரைஃபிளை இஷாபூர்லயே 7.62 தோட்டாவுக்கு மாத்தினாங்களே? நானே பார்த்திருக்கேன்.

நீங்கள் பார்த்தது இஷாபூரின் 2A அல்லது 2A1 ரைஃபிள். 1962 சீனப் போருக்குப் பின் வந்தவை. பார்வைக்கு .303 மாதிரியே இருக்கும், ஆனால் பழைய துப்பாக்கியைக் கழற்றி மாற்றியதில்லை. 7.62க்கென்றே மேம்பட்ட எஃகில் புதிதாகச் செய்தார்கள். எக்ஸ்ட்ராக்டரை மாற்றினார்கள், மேகசீனின் வடிவமே சதுரமாயிற்று. 2A1இல் குறிபார்க்கும் பின்சைட்டில் குறித்த உச்ச தூரத்தையும் 800 மீட்டராகக் குறைத்தார்கள். ஒரு தொழிற்சாலையே இத்தனையும் மாற்ற வேண்டியிருந்தது என்பதுதான் நான் சொல்ல வருவது.

பழங்காநத்தம்: அப்ப பிரிட்டிஷ்காரன் L42A1னு மாத்தினானே? அது பழைய .303 ஸ்நைப்பர் ரைஃபிள்தானே சார்? அனுப்பானடி அண்ணன் சொல்றது சரிதான்.

நல்ல கேள்வி, இது நீண்டாலும் பரவாயில்லை. L42A1 உண்மையிலேயே மாற்றியதுதான். 1970 வாக்கில் நம்பர் 4 (லீ என்ஃபீல்டின் பிந்தைய மாதிரி) ஸ்நைப்பர் ரைஃபிள்களை எடுத்து 7.62க்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் எந்த ஆக்‌ஷன் என்று பாருங்கள். நம்பர் 4இன் உடல், இங்கே புழங்கும் நம்பர் 1 மார்க் 3 வகையைவிடக் கனமானது, உறுதியானது. அதிலும் துல்லியத்துக்காகப் பொறுக்கி எடுத்த துப்பாக்கிகள். கனமான புதுப் பேரல், புது மேகசீன், அரசாங்கத்தின் புரூஃப் சோதனை எல்லாம் கூடவே வந்தன. நம்பர் 4க்கு போல்ட் ஹெட் 0, 1, 2, 3 என்று நான்கு அளவில் உண்டு, ஹெட்ஸ்பேஸைச் சரிசெய்ய அளவு பார்த்து மாட்டலாம். நம்பர் 1க்கு அந்த வசதி கிடையாது.

அனுப்பானடி: அப்ப முடியும்னு ஒத்துக்கறீங்க.

நம்பர் 4இல், ராணுவத் தொழிற்சாலையில் முடிந்தது. மேலூரில் இருக்கும் .315இல் முடியாது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் படிக்கிற சின்னப் பையன்கள் யாராவது முயற்சி செய்வார்கள். அந்த பயத்தில்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

செல்லூர்: பேரல் மட்டும் வெளிய வாங்கி லேத்துல மாட்டினா?

வாடிப்பட்டி நண்பருக்கு எழுதியதைப் படியுங்கள்.

பேரையூர்: ஐயா, சாப்டூர் பக்கம் மக்காச்சோளம் போட்டிருக்கேன். ராத்திரி காட்டுப்பன்றி இறங்கி ஒண்ணும் மிஞ்சல. பெரிய போரா மாத்தினா ஒரே அடில விழுமா?

உங்கள் கஷ்டம் புரிகிறது, ஐயா. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு கூட்டம் இறங்கினால் அந்தப் போகம் போச்சு. ஆனால் போரை மாற்றுவது இதற்கு வழியில்லை. 1972 வனவிலங்குச் சட்டப்படி நீங்களாகச் சுடக் கூடாது. உங்கள் பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் இருக்கிறது. வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள், சேதத்தைப் படம் எடுத்து வையுங்கள், இழப்பீட்டுக்கு விஏஓவிடம் பதிவு செய்யுங்கள். பயிர்க்காவலுக்கென்று ஆயுதச் சட்டம் முதலில் சொல்வது குழலின் முன்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான். ரைஃபிள் குண்டு குறி தப்பினால் சில கிலோமீட்டர் போகும். இருட்டில், சமவெளியில், அடுத்த ஊரில் கட்டிலில் படுத்திருப்பவர்மேல் விழும்.

கே.கே. நகர்: அப்ப யாருமே போர் மாத்தறது இல்லையா சார்? வெளிநாட்டுல நிறைய பேர் செய்றாங்களே.

செய்கிறார்கள், முறையோடு செய்கிறார்கள். ஒரே குடும்பத்துக்குள் மாற்றுவார்கள். .308இன் பித்தளைக் கூட்டிலிருந்துதான் .243 பிறந்தது. தலை அளவு ஒன்று, நீளம் கிட்டத்தட்ட ஒன்று. போல்ட்டையும் மேகசீனையும் தொடாமல் பேரல் மட்டும் மாறும். .30-06க்கும் .270க்கும் அதே உறவு. இவை எல்லாவற்றுக்கும் போல்ட் முகம் 0.473 அங்குல அளவு. மேக்னம் எனும் பெரிய தோட்டா என்றால் பெரும்பாலும் 0.532, அங்கே போல்ட்டையே கடைய வேண்டும். பிறகு ட்விஸ்ட், அதாவது குண்டைச் சுழற்றும் பேரல் உட்பள்ளங்களின் முறுக்கு, இருக்கிறது. .30-06க்கு வழக்கமாக 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கனமான நீளக் குண்டுக்கு வேகமான சுற்று வேண்டும், இல்லையென்றால் குண்டு தள்ளாடிக் குறியில் பக்கவாட்டாகப் பாயும். வேலை முடிந்ததும் கேஜ் வைத்துப் பார்த்து, புரூஃப் செய்து, புதுப் போரைப் பேரலில் பொறிப்பார்கள். அந்தப் பொறிப்பு இல்லாத துப்பாக்கி அடுத்தவர் கைக்குப் போனால் தவறான தோட்டா உள்ளே போகும்.

விளாங்குடி: வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் வச்சிருந்த .405 போல்ட் ஆக்‌ஷனா?

லீவர் ஆக்‌ஷன், வின்செஸ்டர் 1895. ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பிதான் மவுசர் போல்ட். அந்த .275 வேறொன்றுமில்லை, 7×57 மவுசர் தோட்டாதான்.

உசிலம்பட்டி: பேரல் உள்ள துருப்பிடிச்சு குழி விழுந்திருக்கு. அதே .315 பேரலே மாத்தலாமாண்ணே?

இது உருப்படியான யோசனை. போர் மாறாததால் லைசென்ஸில் எழுதியிருப்பது மாறாது, போல்ட்டும் மேகசீனும் அப்படியே இருக்கும். ஆனாலும் உரிமம் பெற்ற கன்ஸ்மித்திடம்தான் போக வேண்டும், ஹெட்ஸ்பேஸ் புதிதாகப் பார்க்க வேண்டும். நகருக்குள் இருந்தால் கமிஷனர் அலுவலகம், வெளியே இருந்தால் கலெக்டர் அலுவலகம். முன்கூட்டியே எழுதிக் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

குழி விழுந்த காரணத்தையும் சரிசெய்யுங்கள். பழைய தோட்டாக்களின் பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடி) பொட்டாசியம் குளோரேட் உண்டு. சுட்டதும் அது பேரலுக்குள் உப்பாகப் படிந்து ஈரத்தை இழுக்கும். அந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெய் போடுங்கள். எண்ணெயை மட்டும் தடவி வைத்துத்தான் இந்த ஊரில் நல்ல பேரல்கள் பலவும் வீணாயின.

ஆனையூர்: லேத்துல...

வேண்டாம்.

சோழவந்தான்: தேர்தலுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைச்ச ரைஃபிள் திரும்ப வந்ததுலேர்ந்து போல்ட் இறுக்கமா இருக்கு சார். பேரல் மாத்தணுமா?

பேரலைத் தொடாதீர்கள். போல்ட்டில் உள்ள எண்ணையும் ரிசீவர் (போல்ட் ஓடும் உடல்) எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே மாதிரி ரைஃபிள்கள் சேர்ந்து கிடக்கும் இடத்தில் போல்ட் மாறிப் போவது உண்டு. எண் வேறாக இருந்தால் ஒரு தோட்டாகூடச் சுடாமல், ரசீதோடு ஸ்டேஷனுக்கே திரும்பப் போய் உங்கள் போல்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.