சார்டினியாவில் வாடகைக் கார்: டெபாசிட்டுக்காக எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: செப்டம்பரில் நானும் கணவரும் இத்தாலியின் சார்டினியா தீவை வாடகைக் காரில் சுற்றப் போகிறோம். அங்குள்ள எஸ்.எஸ்.125 மலைச் சாலையில் கட்டாயம் போக ஆசை. செலவுக்கான பணத்தை ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிவிட்டோம். கார் நிறுவனம் 1,500 யூரோ டெபாசிட் கேட்கிறது. கிரெடிட் கார்டு என் பெயரில்தான் இருக்கிறது, லிமிட் 1.5 லட்சம். ஓட்டப்போவது கணவர். அவசரத் தேவைக்கு வைத்திருக்கும் எஃப்.டி.யை உடைத்து ஃபாரெக்ஸ் கார்டில் போட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: எஃப்.டி.யைத் தொடாதீர்கள். உடைத்தாலும் கார் சாவி கைக்கு வராது. பெரும்பாலான நிறுவனங்கள் டெபாசிட்டுக்கு ஃபாரெக்ஸ் கார்டை ஏற்பதில்லை. கிரெடிட் கார்டு வேண்டும், அதுவும் ஓட்டுபவர் பெயரில். உங்கள் கார்டை நீட்டினால் கவுன்ட்டரிலேயே மறுத்துவிடலாம். கட்டிய வாடகையும் திரும்பாமல் போகலாம்.

இந்த 1,500 யூரோ செலவு அல்ல. கார்டு லிமிட்டில் முடக்கி வைத்து, காரைச் சேதமில்லாமல் திருப்பித் தந்ததும் விடுவிப்பார்கள். யூரோவுக்கு 105 ரூபாய் என்று வைத்தால் 1,57,500 ரூபாய். உங்கள் லிமிட் போதாது. கணவரின் சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் அவர் பெயரிலேயே 2.5 லட்சமாவது லிமிட் உள்ள கார்டு இப்போதே கேளுங்கள். கிடைக்காவிட்டால், உங்கள் லிமிட்டை உயர்த்தி அவர் பெயரில் ஆட்-ஆன் கார்டு (உங்கள் கணக்கிலேயே தரும் துணைக் கார்டு) வாங்கலாம். அதை ஏற்பார்களா என்று கார் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முடக்கிய தொகை விடுபடச் சில நாட்கள் ஆகும் என்பதால் ஹோட்டல் செலவுக்கு அந்தக் கார்டை நம்ப வேண்டாம்.

எனக்குக் கவலை தருவது இன்சூரன்ஸ்தான். இத்தாலியில் வாடகையோடு வரும் காப்பீட்டில் பொதுவாக 'எக்ஸஸ்' உண்டு. அதாவது, சேதத்தில் அந்தத் தொகை வரை நீங்களே ஏற்க வேண்டும். டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம் பல திட்டங்களில் சேர்வதே இல்லை. நீங்கள் கட்டாயம் போக விரும்பும் எஸ்.எஸ்.125 சாலை, டோர்காலிக்கும் பாவுனேய்க்கும் நடுவே 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறும் வளைவுப் பாதை. அழகு கொள்ளை அழகு. ஆனால் கடற்கரைகளுக்குப் பிரியும் மண் பாதைகளில்தான் டயர் கிழியும், அடிப்பாகம் உரசும்.

முன்பதிவுத் தளங்கள் மலிவாக விற்கும் 'முழுக் காப்பீடு' இருந்தாலும் டெபாசிட்டை முடக்கத்தான் செய்வார்கள். சேதத்துக்கு முதலில் நீங்கள் கட்டி, பிறகு பில் காட்டித் திரும்ப வாங்க வேண்டும். தனி எக்ஸஸ் பாலிசிகள் பலவும் ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். கார் நிறுவனமே தரும் பூஜ்ய எக்ஸஸ் திட்டத்துக்கு விலை அதிகம். டெபாசிட் பெரிதும் குறைகிறது, டயரும் கண்ணாடியும் சேர்கின்றன என்றால் உங்களுக்கு அதையே சொல்வேன். 1.5 லட்சம் போனால் எஃப்.டி.யில் கைவைக்க வேண்டிய குடும்பம் அந்தச் சுமையைத் தானே ஏற்கக் கூடாது.

சார்டினியாவில் டோல் கிடையாது. அந்தச் செலவு மிச்சம். மாறாக, காலியாரி, அல்கேரோ நகரங்களின் பழைய பகுதிகளில் இசட்.டி.எல். எனும், அனுமதி இல்லாத வண்டிகள் நுழையக் கூடாத பகுதிகள் உண்டு. நுழைந்தால் கேமரா படம் பிடிக்கும். அபராத நோட்டீஸ் மாதங்கள் கழித்து வீடு தேடி வரும். உங்கள் முகவரியைக் கொடுத்ததற்குக் கார் நிறுவனம் தனிக் கட்டணம் எடுக்கும். வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். வெள்ளைக் கோடு பொதுவாக இலவசம், நீலம் கட்டணம், மஞ்சளில் நிறுத்தவே கூடாது.

கணவருக்கு ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துவிடுங்கள், கட்டணம் 1,000 ரூபாய்தான். அங்கே கார்டு மெஷின் 'ரூபாயா, யூரோவா' என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடித்துவிடுவார்கள். அப்புறம், எடுத்த விமான நிலையத்திலேயே காரை விடுங்கள். காலியாரியில் எடுத்து ஓல்பியாவில் விட்டால் தனிக் கட்டணம் வரலாம்.