ரிசப்ஷனுக்கு மட்டும் போனால் போதுமா?

கேள்வி: துபாயில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. சொந்த ஊர் ராயபுரம். என்னோடு வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரருக்கு அடுத்த மாதம் கத்தோலிக்க சர்ச்சில் கல்யாணம். பூசையே ஒன்றரை மணி நேரமாம். நான் இந்து. எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்றே தெரியாது. ராத்திரி ரிசப்ஷனுக்கு மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தால் போதுமா?
(ராயபுரம் வாசகர், துபாய்)

பதில்: போதாது.

இந்தத் தலையைக் காட்டுவது இருக்கிறதே, அதன் மேல் எனக்குப் பல வருஷக் கோபம். நம் ஊர்க் கல்யாணங்களைக் கெடுத்ததே அதுதான். முகூர்த்த நேரத்தில் மண்டபத்து நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. முதல் நாள் ராத்திரியோ மேடை ஏற கியூ. கவரை நீட்டு, கேமராவைப் பார், பந்திக்கு ஓடு. வந்தது யாரென்று மாப்பிள்ளைக்கே தெரியாது. வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் தெருவை அடைத்துப் பந்தல் போட்ட காலத்தில் இந்த வேலை நடக்காது. வந்தவர் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்துவிடுவார்கள்.

தலையைக் காட்டுவதால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் ஊர் ஸ்டேஷனே சாட்சி, தம்பி. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அதை முனையமாக்குங்கள் என்று வடசென்னை ஜனங்கள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். பெரிய மனிதர்கள் வருகிறார்கள், தூண்களை அண்ணாந்து பார்க்கிறார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் அலைவது நாம். இந்தப் பக்கத்தில் இதை முன்பும் எழுதியிருக்கிறேன், வெளியூர் ரயில்கள் அங்கிருந்து கிளம்பும் வரை எழுதுவேன்.

சர்ச் நடைமுறை தெரியாது என்று ராயபுரத்துக்காரர் சொல்வதுதான் எனக்கு ஆகவில்லை. ராயப்பர், அதாவது புனித பேதுருவின் கோயில் இருக்கும் ஊர் அது. ஒரு செவ்வாய்க்கிழமை அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோயிலில் போய் நின்று பாருங்கள். மெழுகுவத்தியோடு நிற்கும் பெண்கள் எத்தனை பேர் நெற்றியில் குங்குமம் இருக்கிறது என்று தெரியும். பிப்ரவரியில் பெரம்பூர் லூர்து மாதா திருவிழாவுக்கு வரும் கூட்டமும் அப்படித்தான். அவர்கள் யாரும் எப்போது எழுவது என்று கேட்டுக்கொண்டு போகவில்லை.

கத்தோலிக்கர் முறைப்படி கல்யாணத்தை நடத்துவது மணமக்களேதான். ஃபாதர் சபையின் பேரால் அவர்கள் சம்மதத்தைக் கேட்டு ஏற்கிறார், இரண்டு பேர் சாட்சி. ‘இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும்’ என்று அவர்கள் வாயால் சொல்லும் அந்த ஒரு நிமிஷம்தான் கல்யாணம். நம் பக்கத்தில் அதோடு மந்திரித்த தாலியும் கட்டுவார்கள். பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு 13 நாணயங்கள். என் சம்பாத்தியம் இனி நம் இருவருக்கும் என்று மாப்பிள்ளை அவற்றைப் பெண்ணின் குவித்த கைகளில் கொட்டுவார். பிறகு ஒரு வெள்ளைத் துணியைப் பெண்ணின் தலையிலும் மாப்பிள்ளையின் தோளிலும் சேர்த்து ஊசி குத்துவார்கள். அதன் மேல் எட்டு எண்ணைப் போல வளைத்து ஒரு கயிறு, இருவர் தோளிலும் விழும்படி. துணியும் கயிறும் போடுவது, வேண்டியவர்கள் என்று மணமக்கள் பொறுக்கி எடுத்த ஆட்கள். சொந்த ஊராக இருந்தால் உறவுக்காரர்களே வந்து நிற்பார்கள். துபாயில் அத்தனை பேருக்கு விசாவும் டிக்கெட்டும் எடுக்க யாரால் முடியும்? பெற்ற தாயே வீடியோ காலில் பார்த்து அழும் கல்யாணங்களை நீங்களே அங்கே பார்த்திருப்பீர்கள். அந்தச் சொந்தங்கள் உட்கார வேண்டிய பெஞ்சில் உட்காரத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

எழுவதும் உட்காருவதும் பெரிய விஷயமில்லை. நாலைந்து வரிசை பின்னால் உட்கார்ந்து, முன்னால் இருப்பவர்களைப் பார்த்துச் செய்யுங்கள். முட்டி போட மனமில்லையா, பேசாமல் உட்கார்ந்திருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். செல்போன் மட்டும் பையில் இருக்கட்டும். நன்மை, அதாவது ஃபாதர் மந்திரித்த அப்பம் கொடுக்கும்போது எல்லோரும் வரிசையில் போவார்கள், நீங்கள் போகக் கூடாது. கோயில் பிரசாதம் போல யாரும் கை நீட்டி வாங்குவதல்ல அது. அவர்களுக்கு அது கிறிஸ்துவின் உடல். உங்கள் தெருவில் இருக்கும் சி.எஸ்.ஐ.காரர், அதாவது புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர் வந்தாலும் போக மாட்டார், ஆகவே மனக்குறை வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் வெளியே போக முட்டியை ஒதுக்கி வழி விடுங்கள், அது போதும்.

பூசை எத்தனை மணிக்கு என்று நாளைக்கே கேட்டுக்கொண்டு, லீவு வேண்டுமென்றால் இப்போதே எழுதிக் கொடுங்கள். கவரை ராத்திரி கொடுத்துக்கொள்ளலாம்.