அலாரம் அடித்ததா, நின்றதா?

அன்புள்ள ஐயா,

காட்பாடியில் இருக்கிறேன். வேலூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியர் வேலை. இங்கிலாந்து போவதற்காக, மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்குப் படித்து வருகிறேன். பயிற்சித் தாள் ஒன்றில் ‘தி மானிட்டர் அலாரம் வென்ட் ஆஃப் ட்வைஸ்’ என்று இருந்தது. அலாரம் இரண்டு முறை நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். இல்லை, இரண்டு முறை அடித்தது என்கிறாள் கூடப் படிக்கும் தோழி. அகராதியைப் பார்த்தால் ‘கோ ஆஃப்’ என்பதற்கு வெடித்தல், கெட்டுப்போதல், அணைதல், கிளம்புதல், பிடிக்காமல் போதல் என்று ஏகப்பட்ட பொருள். ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. எப்படி மனதில் வைப்பது? தேர்வில் இதற்குப் பதிலாக என்ன எழுதலாம்?

ஒரு வாசகி, காட்பாடி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தோழி சொல்வது சரி. அலாரம் இரண்டு முறை அடித்தது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டால் வார்டில் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். நோயாளியின் நாடித்துடிப்பு இறங்கி அலாரம் அடித்தது என்ற செய்தி, கருவி பழுது என்ற செய்தியாக மாறிவிடும். டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொண்டிருப்போம்.

நம்மைத் தடுக்கிவிடுவது தமிழுக்குள் வந்து தங்கிவிட்ட ‘ஆஃப்’. ஃபேன் ஆஃப், மோட்டார் ஆஃப், செல் ஆஃப் என்று சொல்லிச் சொல்லி, நம் காதில் அதற்கு ‘நிற்பது’ என்ற ஒரே பொருள் பதிந்துவிட்டது. ஆங்கிலத்தில் அது ‘விலகுதல், பிடி விடுதல்’ என்ற விரிந்த பொருளில் நிற்கிறது. நம் ‘விடு’ இதற்கு வெகு பக்கத்தில் வரும். ‘மழை விட்டுடுச்சி’ என்றால் நின்றது. ‘ராக்கெட் விட்டாங்க’ என்றால் கிளம்பியது. ‘குடியாத்தத்துக்குப் புது பஸ் விட்டிருக்காங்க’ என்றால் ஓட ஆரம்பித்திருக்கிறது. ‘பஸ்ஸை விட்டுட்டேன்’ என்றால் கைநழுவிப் போனது. ஐந்து வயதுக் குழந்தைகூட இதில் குழம்பாது. மழையா, பஸ்ஸா, ராக்கெட்டா என்று காதில் விழுந்ததுமே பொருள் முடிவாகிவிடுகிறது.

‘கோ ஆஃப்’ விஷயத்திலும் எது ‘வென்ட் ஆஃப்’ ஆனது என்று முதலில் பாருங்கள். பட்டாசு, குண்டு, துப்பாக்கி, அலாரம் ஆகியவை காத்திருக்கும் பொருள்கள். பிடி விட்டால் வெடிக்கும், அடிக்கும். விளக்கு, ஹீட்டர், கரண்ட் ஆகியவை ஓடிக்கொண்டிருக்கும் பொருள்கள். பிடி விட்டால் நின்றுபோகும். வென்டிலேட்டருக்குக் கரண்ட் போனால் எச்சரிக்கை ஒலி வரும் அல்லவா? அதை ஆங்கிலத்தில் ‘வென் தி பவர் வென்ட் ஆஃப், தி அலாரம் வென்ட் ஆஃப்’ என்றே சொல்லலாம். முதலாவது நின்றது, இரண்டாவது அடித்தது. இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இங்கே நம்மவர்கள் செய்யும் தவறுகள் சில உண்டு. அலாரம் அடிக்க ஆரம்பித்ததைச் சொல்ல ‘வென்ட் ஆன்’ என்று போட்டால், விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். மெழுகுவத்தி, அடுப்பு நெருப்பு அணைவதற்கு ‘வென்ட் அவுட்’தான், ‘வென்ட் ஆஃப்’ வராது. மின்விளக்குக்கு இரண்டும் சரி. ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டை ‘வென்ட் ஆஃப்’ என்று சொல்லிவிடாதீர்கள், வெடித்துவிட்டது என்று பதறுவார்கள். அதற்கு ‘லிஃப்ட் ஆஃப்’.

இதைவிட அதிகம் பிழை வருவது இலக்கணத்தில். ‘கோ ஆஃப்’ தன்வினை. ‘ஐ வென்ட் ஆஃப் தி அலாரம்’ என்று சொல்ல முடியாது. அலாரத்தை அடிக்க வைத்தால் ‘செட் ஆஃப்’, நிறுத்தினால் ‘டர்ன் ஆஃப்’. நோயாளி புரண்டு படுத்ததால் அலாரம் அடித்தது என்றால், ‘தி பேஷன்ட்ஸ் மூவ்மென்ட் செட் ஆஃப் தி அலாரம்’. ‘செட் இட் ஆஃப்’ என்று ‘இட்’டை நடுவில்தான் வைக்க வேண்டும். தன்வினை என்பதால் இன்னொரு நுட்பமும் உண்டு. ‘தி கன் வென்ட் ஆஃப்’ என்றால் துப்பாக்கி வெடித்தது, அவ்வளவுதான். யார் சுட்டார் என்பது அதில் இல்லை, தவறுதலாக வெடித்தது என்ற சாயலும் வரலாம். சுட்டவரைச் சொல்ல ‘ஃபயர்’ வேண்டும்.

சாப்பாடு கெட்டுப்போவதை ‘கோ ஆஃப்’ என்பது முக்கியமாக பிரிட்டிஷ் வழக்கு. உங்களுக்கு அன்றாடம் தேவைப்படும். தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறோம்: பால் திரிஞ்சி போச்சி, சாம்பார் ஊசிப்போச்சி, மீன் கெட்டுப்போச்சி. ஆங்கிலேயர் மூன்றுக்கும் ‘இட்ஸ் கான் ஆஃப்’ என்று முடித்துவிடுவார்கள். வேலூர் சித்திரை வெயிலில் வெளியே வைத்த பாலுக்கு ‘மில்க் கோஸ் ஆஃப் க்விக்லி இன் திஸ் ஹீட்’. அமெரிக்கர்களிடம் ‘கான் பேட்’ அல்லது ‘ஸ்பாய்ல்ட்’. ஆனால் எல்லாவற்றுக்கும் இது ஒத்துவராது. ரொட்டி காய்ந்துபோனால் ‘ஸ்டேல்’, பூஞ்சை பிடித்தால் ‘மோல்டி’. எண்ணெயும் வெண்ணெயும் சிக்கு வாடை அடித்தால் ‘ரான்சிட்’ என்பதே துல்லியம். மாவு புளித்தால் வெறும் ‘சவர்’, அது கெட்டுப்போனதாகாது. மருந்து காலாவதியானால் ‘எக்ஸ்பயர்ட்’ அல்லது ‘அவுட் ஆஃப் டேட்’. மருந்தின் வேகம் இறங்குவது ‘வேர் ஆஃப்’.

நோயாளிகள் வாயில் வருவது இன்னொரு வகை. ‘ஐ ஹேவ் கான் ஆஃப் காஃபி’ என்று கர்ப்பிணி ஒருவர் சொன்னால், முன்பு பிடித்த காபி இப்போது பிடிக்கவில்லை என்று பொருள். ‘ஷி ஹேஸ் கான் ஆஃப் ஹர் ஃபுட்’ என்றால், சாப்பாட்டில் நாட்டம் போய்விட்டது. சாப்பாடு கெட்டுப்போனதாகப் புரிந்துகொண்டு தட்டை மாற்றிவிடாதீர்கள். அடையாளம் சுலபம். ‘தி ஃபுட் ஹேஸ் கான் ஆஃப்’ என்றால் சாப்பாடு முன்னால் வந்து, ‘ஆஃப்’போடு வாக்கியம் முடிகிறது, கெட்டது சாப்பாடு. ஆள் முன்னால் வந்து, ‘ஆஃப்’புக்குப் பின்னால் சாப்பாடு வந்தால் நாட்டம் போனது ஆளுக்கு. இந்த வகையில் சொற்களைப் பிரிக்கவும் முடியாது: ‘கான் காஃபி ஆஃப்’ தவறு, ‘கான் ஆஃப் இட்’ சரி.

மிச்சமுள்ளவை எளிது. ‘ஐ கோ ஆஃப் ட்யூட்டி அட் எய்ட்’ என்றால் எட்டு மணிக்கு டியூட்டி முடிகிறது. ‘கோ ஆஃப் டு ஸ்லீப்’ என்றால் தூங்கிப்போவது. ‘ஹி வென்ட் ஆஃப் வித் மை பென்’ என்றால் என் பேனாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நிகழ்ச்சி நடந்ததைச் சொல்லும்போது பின்னால் ‘வெல்’, ‘ஸ்மூத்லி’ போன்ற ஒரு சொல் கட்டாயம் வேண்டும். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நல்லபடியாக நடந்தால் ‘தி ஃபெஸ்டிவல் வென்ட் ஆஃப் வெல்’. அந்த ‘வெல்’ விட்டுப்போனால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். பத்திரிகைகள் இதற்கு ‘பாஸ்ட் ஆஃப் பீஸ்ஃபுலி’ என்று எழுதுகின்றன.

இனி தேர்வு. ஓஇடி எழுத்துத் தேர்வு 45 நிமிடம், அதில் முதல் 5 நிமிடம் குறிப்புகளைப் படிக்க மட்டும். கடிதம் சுமார் 180 முதல் 200 சொற்கள். அது பெரும்பாலும் இன்னொரு மருத்துவப் பணியாளருக்கு எழுதும் முறையான கடிதம் என்பதால் ‘கான் ஆஃப் ஹர் ஃபுட்’ அங்கே பொருந்தாது; ‘ரெட்யூஸ்ட் ஆப்படைட்’ என்று எழுதுங்கள். பேச்சுத் தேர்வில் இதற்கு நேர்மாறு. எதிரே இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். அவரிடம் ‘ஆப்படைட்’டை இழுப்பதைவிட ‘ஹேஸ் ஹி கான் ஆஃப் ஹிஸ் ஃபுட்?’ என்று கேட்பது இயல்பாக இருக்கும், மதிப்பெண்ணுக்கும் நல்லது.

வார்டுக் குறிப்பில் மட்டும், இங்கே எழுதினாலும் அங்கே எழுதினாலும், அலாரத்துக்கு ‘வென்ட் ஆஃப்’ வேண்டாம் என்பது என் கருத்து. பல நாட்டுச் செவிலியர்கள் படிக்கும் தாள் அது. உங்களைப் போலவே தலைகீழாகப் படிப்பவர்கள் இருப்பார்கள். ‘அலாரம் சவுண்டட் அட் 03.10’ என்று அடித்த நேரத்தையும், ‘சைலன்ஸ்ட் அட் 03.12’ என்று நிறுத்திய நேரத்தையும், நடுவில் நோயாளியின் நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு என்ன இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.