கோடையில் மலைக்கூடாரமும் டிரவுட் தூண்டிலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

முழுஆண்டுத் தேர்வு முடிவதற்கு முன்பே மலையில் கூடாரம் அடிப்பது, குளிர்ந்த மலை ஓடைகளில் வாழும் டிரவுட் மீனைத் தூண்டிலில் பிடிப்பது பற்றிக் கடலூரிலிருந்தும் புதுவையிலிருந்தும் பயணக் கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன. ஒரே செய்தியைக் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடலில் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் மலை ஆறுகளில் டிரவுட் பிடிப்பதற்கும் தடை உண்டா? (தேவனாம்பட்டினம்)

இல்லை. தடைக்காலம் என்பது மீன் இனப்பெருக்கம் செய்யும் காலத்தை ஒட்டி அமைவது. டிரவுட் குளிர்காலத்தில் முட்டையிடும் மீன் என்பதால், இமாச்சலப் பிரதேசத்தில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதி வரை அதைப் பிடிக்கக்கூடாது. மார்ச்சு முதல் அக்டோபர் வரை, மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டுடன் தூண்டில் போடலாம். ஆகவே இங்கே விசைப்படகுகள் கரையில் நிற்கும் மாதங்கள், அங்கே தூண்டிலுக்குத் திறந்த மாதங்கள். ஆனால் பருவம் திறந்திருப்பதால் மட்டும் ஆறு நன்றாக இருந்துவிடாது. மே பிற்பகுதியிலிருந்து பனி வேகமாக உருகும்போது நீர் பெருகிக் கலங்கிவிடும். ஜூலை, ஆகஸ்டில் மழையும் நிலச்சரிவும் சேர்ந்துகொள்ளும். விடுமுறையில் போவதென்றால் ஏப்ரலும் மே முதல் பாதியுமே என் தேர்வு.

கேள்வி: அவ்வளவு தூரம் போவானேன்? நீலகிரியிலேயே டிரவுட் இருக்கிறதே, அவலாஞ்சியில் கூடாரம் அடித்து இரண்டையும் முடித்துக்கொள்ளக்கூடாதா? (லாஸ்பேட்டை)

டிரவுட் இருப்பது உண்மைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே தொடங்கிய முயற்சி பலிக்காமல் போய், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன்வளர்ப்பு வல்லுநர் எச். சி. வில்சன் காலத்தில்தான் வானவில் டிரவுட் நீலகிரி ஓடைகளில் நிலைபெற்றது. அவலாஞ்சியின் மீன்குஞ்சுப் பொரிப்பகம் 1907-இல் அமைந்தது. சிக்கல் மீனில் இல்லை, இடத்தில் இருக்கிறது. அவலாஞ்சியைச் சுற்றியுள்ளவை காப்புக் காடுகள். அதற்கப்பால் முக்குர்த்தி தேசியப் பூங்கா. காப்புக் காட்டில் வனத்துறையின் அனுமதியின்றிக் கூடாரம் அடிப்பதும் தீ மூட்டுவதும் குற்றம். “நான் பார்த்துக்கொள்கிறேன் சார்” என்று யாராவது உள்ளூரில் சொன்னால் அதை அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் நடைப்பயணிகள் பலர் உயிரிழந்த பிறகு தமிழகத்தில் மலைநடை விதிகள் இறுகிவிட்டன. பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை தீப் பருவம் என்று பாதைகளை மூடியும் வைக்கிறார்கள்.

எனவே நீலகிரியில் கூடாரத்தையும் தூண்டிலையும் பிரித்துவிடுங்கள். உதகையிலோ எமரால்டுப் பக்கமோ அறை எடுத்துத் தங்கி, அவலாஞ்சிக்கு வனத்துறை வாகனத்தில் போய் வாருங்கள். தூண்டில் போட அனுமதி உண்டா, எந்த நீர்நிலையில் என்பதை உதகை மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்ட பிறகே தூண்டிலை வெளியே எடுங்கள். சொந்த வண்டியில் போகிறவர்கள் நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸ் பதிவு செய்ய மறக்கக்கூடாது. 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவின்படி அது நடைமுறையில் உள்ளது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை இங்கேயே விட்டுவிட்டு, எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

கேள்வி: கல்வராயன் மலை நமக்குப் பக்கம். அங்கே டிரவுட் விட்டு வளர்த்தால் என்ன? (பண்ருட்டி)

வளராது. நீர் ஏறத்தாழ 10 முதல் 18 டிகிரி வரை இருந்தால்தான் டிரவுட் சுகமாக இருக்கும். 20-ஐத் தாண்டினால் நீரில் கரைந்த ஆக்சிஜன் குறைந்து இரை எடுப்பதையே நிறுத்திவிடும். ஆயிரம் மீட்டரை ஒட்டிய கல்வராயன் ஓடைகளில் அந்தக் குளிர்ச்சி கோடையில் கிடையாது.

கேள்வி: இமாச்சலத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்கைப் பற்றிக் கேள்விப்பட்டோம். புதுவையிலிருந்து எப்படிப் போவது, கூடாரத்தை எங்கே அடிப்பது? (நெல்லித்தோப்பு)

கூடாரமும் டிரவுட்டும் ஒரே இடத்தில் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்லும் இடமும் அதுதான். புதுச்சேரியிலிருந்து புது தில்லிக்கு வாரம் ஒருமுறை நேரடி ரயில் உண்டு. நாள் ஒத்துவராவிட்டால் சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். தில்லியிலிருந்து மணாலி போகும் இரவுப் பேருந்தில் ஏறி, அவுட் (Aut) என்னும் ஊரின் சுரங்கப்பாதைக்கு முன்பே இறங்கி, பஞ்சார் வழியாகக் குஷைணி செல்ல வேண்டும். போக மூன்று நாள், வர மூன்று நாள் என்று வைத்துக்கொண்டால்தான் அங்கே நிம்மதியாக இருக்க முடியும்.

கூடாரம் அடிப்பதைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். கெடிலத்தையும் தென்பெண்ணையையும் பார்த்து வளர்ந்த நமக்கு, கோடையில் ஆற்று மணல் என்றால் உட்கார்ந்து பேசும் இடம். மலையாற்றின் மணல்திட்டு அப்படியல்ல. 2014 ஜூன் 8 அன்று, லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட நீரில், கீழே பியாஸ் ஆற்றுப் படுகையில் நின்றிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். அணை இல்லாத இடத்திலும் மேலே எங்கோ பெய்யும் மழை, நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் வெளுத்திருக்கும்போதே வந்து சேரும். கரையில் வெள்ளம் ஒதுக்கிய குச்சியும் சருகும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று பாருங்கள். கூடாரம் அதற்கு மேலே, உதிரிப் பாறைகள் நிற்கும் சரிவுக்கு நேர் கீழே வராத இடத்தில் இருக்க வேண்டும். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் விடுதி வளாகத்துக்குள்ளேயே கூடாரம் அடித்துக்கொள்வது நல்லது. தூண்டில் அனுமதிச் சீட்டுக்கும் விடுதிக்காரர்களே வழிகாட்டுவார்கள்.

கேள்வி: விரால் பிடிக்கும் ராடும் ரீலும் இருக்கின்றன. அவையே போதுமா? (அரியாங்குப்பம்)

விரால் ராடு விறைப்பானது. அதில் டிரவுட்டின் வாய் கிழிந்துவிடும். ஆறு அல்லது ஏழு அடி மெல்லிய ராடு, சிறிய ஸ்பின்னிங் ரீல், மூன்று கிலோ தாங்கும் தங்கூசி நரம்பு, 3 முதல் 7 கிராம் வரையுள்ள ஸ்பின்னர்கள் (இழுக்கும்போது தகடு சுழலும் பொய்யிரைகள்) போதும். தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கூர்முனையை இடுக்கியால் நசுக்கிவிட்டால், சிறிய மீனைக் காயமின்றித் திருப்பி விடலாம்.

கருவியைவிட முக்கியம் நிற்கும் முறை. டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து, பாறைக்குப் பின்னால் வேகம் தணிந்த இடத்தில், தலை மேலோட்டத்தைப் பார்க்க நிற்கும். நீங்கள் கீழிருந்து மேலாக, அதன் முதுகுப்பக்கமாக நடந்து, ஸ்பின்னரைப் பாறையைத் தாண்டி மேலோட்டத்தில் எறிந்து, ஓட்டத்தைவிடச் சற்றே வேகமாகச் சுற்றி இழுக்க வேண்டும். வெள்ளைச் சட்டை வேண்டாம். உங்கள் நிழல் நீரில் விழுந்தாலே அது போய்விடும். திருப்பி விடும் மீனை ஈரக்கையால்தான் தொட வேண்டும். உலர்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழவழப்பு உரிந்து நோய் பிடிக்கும்.

கேள்வி: சிறிய கேஸ் அடுப்பை ரயிலில் எடுத்துப் போகலாமா? (மஞ்சக்குப்பம்)

கூடாது. கேஸ் குப்பி ரயிலிலும் விமானத்திலும் தடை செய்யப்பட்டது. அடுப்பை மட்டும் கொண்டுபோய், குப்பியைப் போகும் ஊரில் வாங்குங்கள்.

கேள்வி: பிடித்த டிரவுட்டைக் குழம்பு வைக்கலாமா? (திருப்பாதிரிப்புலியூர்)

வைக்கலாம், ஆனால் புளிக்குழம்பில் அந்த மென்மையான சதை கரைந்துவிடும், சுவையும் தெரியாது. செதில் மிகப் பொடியாக இருப்பதால் சுரண்ட வேண்டியதில்லை. பிடித்தவுடன் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, முதுகெலும்பை ஒட்டியுள்ள கருஞ்சிவப்பு இரத்தக் கோட்டைப் பெருவிரல் நகத்தால் வழித்துக் கழுவுங்கள். அதை எடுக்காமல் விட்டுவைத்தால்தான் கவிச்சி வரும். உப்பு, மஞ்சள், மிளகுத்தூள், சிறிது இஞ்சி தடவி, பக்கத்துக்கு நான்கு நிமிடம் தோசைக்கல்லில் வாட்டினால் போதும். குடலை ஆற்றில் வீசாமல் கூடாரத்திலிருந்து தள்ளிப் புதைத்துவிடுங்கள். தீர்த்தன் பள்ளத்தாக்கில் கரடி உண்டு.