செயினை எப்போது கழற்றலாம்?

கேள்வி: அண்ணா, எங்கள் வீட்டில் ஒன்றரை வயது சிப்பிப்பாறை கலப்பு நாய் இருக்கிறது. பெயர் புயல். எங்கள் பக்கம் ஒருவர் செயினே இல்லாமல் நாயைக் கூட்டிப் போகிறார். அது அவர் காலோடு ஒட்டியே நடக்கிறது. புயலின் செயினைக் கழற்றினால் மீன் கூடை பக்கம் ஓடிவிடுகிறான். அந்த மாதிரி எப்படிப் பழக்குவது?
- ஒரு வாசகர், காசிமேடு

பதில்: தம்பி, முதலில் என் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் நாய் ராணி. மொட்டைமாடியில் அத்தனை அழகாக ஒட்டி நடப்பாள். அந்தப் பெருமையில் ஒரு நாள் கல்மண்டபம் பக்கம் செயினைக் கழற்றிவிட்டேன். ஒரு மீன் வண்டிக்கு அடியிலிருந்து பூனை ஒன்று பாய்ந்தது. ராணி ரோட்டின் நடுவில், ஆட்டோ பிரேக்கில். அவளுக்கு முன்னங்காலில் சிராய்ப்பு. ஆட்டோக்காரர் என்னைத் திட்டியதை இங்கே அச்சிட முடியாது. ஆனால் அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

புயலுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியது ஓர் இடம். உங்கள் இடது முட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாண் அகலம், அவ்வளவுதான். அங்கே நின்றால் வாயில் ஏதாவது விழும் என்று அவனுக்குப் புரிய வேண்டும். டீக்கடைப் பொறையைப் பட்டாணி அளவுக்கு உடைத்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஈரல். (கருவாடு கொடுக்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். வேண்டாம், உப்பு அதிகம்.)

மொட்டைமாடியில் ஆரம்பியுங்கள். ஓர் அடி வையுங்கள். அவன் உங்கள் காலோடு வந்தால், வந்த அந்த நொடியிலேயே "சரி" என்று சொல்லித் துண்டைக் கொடுங்கள். மூன்று நொடி தாமதித்தால் அதற்குள் அவன் காக்காயைப் பார்க்கத் தலையைத் திருப்பியிருப்பான். காக்காய் பார்த்ததற்குக் கூலி கொடுத்த கதையாகிவிடும். இன்னொன்று: இடது கையால், உங்கள் கால்சட்டைத் தையலை ஒட்டிக் கொடுங்கள். வலது கையை வயிற்றுக்குக் குறுக்கே நீட்டினால் அவன் முன்னால் வந்து உங்கள் காலை இடறுவான். பழக்கும் பலர் சறுக்குவது இங்கேதான். நானும் ஒரு மாதம் தடுக்கி விழுந்திருக்கிறேன்.

ஓர் அடி மூன்றாகட்டும், மூன்று பத்தாகட்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும், நாளைக்கு இரண்டு தடவை. அவன் தானாக அந்த இடத்துக்கு வர ஆரம்பித்த பிறகுதான் "பக்கம்" என்று பெயர் சொல்ல வேண்டும். முதல் நாளே கத்தினால் அது வெறும் சத்தம்.

அப்புறம் தெரு. விடியற்காலை ஐந்து மணிக்கு, மீன் வண்டி இல்லாத சந்தாகப் பாருங்கள். செயின் இறுகினால் இழுக்காதீர்கள், அப்படியே நில்லுங்கள். அவன் திரும்பிப் பார்த்து செயின் தொய்ந்ததும் நடங்கள். முதல் வாரம் தெருமுனையைக்கூடத் தாண்ட மாட்டீர்கள், பரவாயில்லை. மீன் கூடையை முதலில் இருபதடி தள்ளி வைத்துக் கடக்கப் பழக்குங்கள். அங்கே அவன் உங்கள் முகத்தைப் பார்த்தால் பதினைந்தடி. அவசரப்பட்டு ஒட்டிப் போனால் கூடைதான் ஜெயிக்கும்.

அதற்குப் பிறகு, சுற்றுச்சுவர் உள்ள மைதானம் கிடைத்தால், பருத்திக் கயிறு ஐந்து மீட்டர் கட்டித் தரையில் இழுபட விடுங்கள். உங்கள் ஊரில் சும்மா கிடைக்கும் நைலான் வலைக்கயிறு வேண்டாம், உள்ளங்கையை அறுத்துவிடும். பத்து தடவை கூப்பிட்டு பத்து தடவையும் வந்தால் கயிற்றைக் கழற்றுங்கள். அந்தச் சுவருக்குள் மட்டும்.

ரோட்டில்? கழற்றாதீர்கள். சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடும் இனம். ஓடுகிற எதையாவது பார்த்துவிட்டால் காது அடைத்துக்கொள்ளும். நம் பக்கம் சந்துக்குச் சந்து தெருநாய்க் கூட்டம் வேறு. புயல் ஒழுங்காக நடந்தாலும் அவை சும்மா விடாது. நாயைக் கவனமில்லாமல் விட்டு யாருக்காவது ஆபத்து வந்தால் நம் நாட்டுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே என்று இருக்கிறது. செயின் ஊஞ்சல் கயிறு மாதிரி தொய்ந்து தொங்க, புயல் உங்கள் முட்டியோடு வந்தால், பார்ப்பவர்களுக்கு அதுவே போதும். ராணி கடைசிவரை அப்படித்தான் நடந்தாள்.

கேள்வி: இழுக்கிற நாய்க்கு முள் வைத்த செயின் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
- ஒரு வாசகி, கொடுங்கையூர்

பதில்: வேண்டாம்மா. எதிரே வரும் நாயைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்து வலித்தால், அந்த நாயால்தான் வலிக்கிறது என்று நினைத்துக் கடிக்கப் பழகிவிடும். நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ள மார்புப் பட்டை வாங்குங்கள். இழுத்தால் அதுவே உங்கள் பக்கம் திரும்பிவிடும்.