எசேக்கியேல் 9-உம் 21-உம் முரண்படுகின்றனவா?

சகோதரரே, வேதாகமத்தின் எசேக்கியேல் புத்தகத்தில் 9-ஆம் அதிகாரத்தில் நெற்றியில் அடையாளம் பெற்றவர்கள் தப்புகிறார்கள், 21:3-இலோ நீதிமானும் துன்மார்க்கனும் சேர்ந்தே சங்கரிக்கப்படுகிறார்கள், இது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். முதலாவது, பாபிலோனியச் சிறையிருப்பில் இருந்த தீர்க்கதரிசி கி.மு. 592-இல் கண்ட தரிசனம். எருசலேமின் அருவருப்புகளுக்காகப் பெருமூச்சுவிட்டு அழுகிறவர்களைத் தேவன் அறிந்திருக்கிறார் என்பதையும், தண்டனை அவருடைய பரிசுத்த ஸ்தலத்திலேயே தொடங்குகிறது (இதைப் பலர் கவனிப்பதில்லை) என்பதையும் அது காட்டுகிறது. இரண்டாவது, தேசத்தின்மேல் வரும் வாள் ஆள் பார்த்து ஒதுங்காது என்கிறது. இரண்டையும் வலிந்து இணைக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. பாதுகாப்பு நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு எரேமியா 39-ஐப் பாருங்கள்: தீர்க்கதரிசியாகிய எரேமியாவை அடைக்கப்பட்டிருந்த துரவிலிருந்து (கிணற்றுக்குழியிலிருந்து) தூக்கிவிட்ட எத்தியோப்பியனாகிய எபெத்மெலேக்குக்கு உயிர் மட்டுமே வாக்களிக்கப்பட்டது, அவன் வாழ்ந்த நகரமோ எரிந்தது. 45-ஆம் அதிகாரத்தில் எரேமியாவின் எழுத்தராகிய பாருக்குக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய அதே வாக்குத்தான்.